சாங்தாங் உயர்மலைச் சரணாலயம்: பயணிகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

லடாக்கின் கிழக்கு விளிம்பில், திபெத்திய எல்லையை ஒட்டிப் பரந்து கிடக்கும் சாங்தாங் குளிர்பாலைவன வனவிலங்குச் சரணாலயத்துக்கு முதன்முறையாகச் செல்லவிருப்போருக்காக இந்தப் பக்கம் எழுதப்பட்டது. கேள்விகள் எல்லாம் பயணத்துக்கு முன்பு வழக்கமாகக் கேட்கப்படுபவை. பதில்கள் சில நீளமானவை; அவற்றில் உடல்நலம் பற்றியவற்றை மட்டுமாவது முழுமையாகப் படித்துவிடுங்கள்.

சரணாலயம் என்றால் நுழைவாயில், சீட்டு, சவாரி வண்டி எல்லாம் இருக்குமா?

இருக்காது. 1987இல் அறிவிக்கப்பட்ட இச்சரணாலயத்தின் பரப்பு ஏறத்தாழ 4,000 சதுர கிலோமீட்டர். அதற்கு வேலி கிடையாது. உள்ளே ஊர்களும் மடாலயங்களும் மேய்ச்சல் நிலங்களும் இராணுவ முகாம்களும் தார்ச்சாலைகளும் இருக்கின்றன. ‘சாங்’ என்றால் வடக்கு, ‘தாங்’ என்றால் சமவெளி. பெயருக்கேற்ப, மலைகளுக்கு இடையே அகன்ற வெளிகளாகவே நிலம் விரிகிறது. பெரும்பாலான பயணிகள் சென்று பார்ப்பது ட்சோ மோரிரி, ட்சோ கர் என்னும் இரண்டு ஏரிகளையும் ஹான்லே என்னும் ஊரையும்தான். (‘ட்சோ’ என்பது ஏரியைக் குறிக்கும், ஆகவே ‘ட்சோ மோரிரி ஏரி’ என்று சொல்வது ‘நடுச்சென்டர்’ போன்றது.) நுழைவாயில் இல்லாததால், சரணாலயத்துக்குள் வந்துவிட்டோம் என்பதை அறியாமலேயே பலர் வந்து திரும்புகிறார்கள்; சட்டம் அவர்களையும் கட்டுப்படுத்தும் என்பதை மட்டும் நினைவில் வைக்க வேண்டும்.

மரமே இல்லாத இடத்தில் விலங்குகள் எப்படி வாழ்கின்றன?

இமயமலையின் மழைமறைவுப் பகுதி என்பதால் இங்கே மழை மிகக் குறைவு. ஆனால் பனி உருகி வரும் ஓடைகள் ஏரிகளில் கலக்கும் இடங்களில் கோரைப்புல் அடர்ந்த ஈரநிலங்கள் உருவாகின்றன. ட்சோ மோரிரி 2002இலும் ட்சோ கர் 2020இலும் ராம்சார் ஈரநிலங்களாக, அதாவது உலக அளவில் முக்கியமானவை என்று பன்னாட்டு உடன்படிக்கையின்கீழ் பட்டியலிடப்படும் ஈரநிலங்களாக, அறிவிக்கப்பட்டன. இவ்விரு ஏரிகளிலிருந்தும் நீர் வெளியேற வழியில்லை. ட்சோ கரின் நீர் உப்பேறிக் கரையெல்லாம் வெளுத்துக் கிடப்பதால்தான் அதற்கு ‘வெள்ளை ஏரி’ என்று பெயர் வந்தது. அதையடுத்து உள்ள ஸ்டார்ட்சாபுக் ட்சோ நன்னீர் ஏரியாக இருப்பதால் பறவைகள் அங்கே திரள்கின்றன. வெறும் மண்ணாகத் தோன்றும் சரிவுகளில்கூட, கைப்பிடியளவு உயரத்துக்கு மேல் வளராத செடிகள் மெத்தைபோல் ஒட்டிப் படர்ந்திருக்கும். வளர்வதற்கு ஆண்டில் சில மாதங்களே வாய்க்கும் செடிகள் அவை.

எத்தனை நாள் ஒதுக்க வேண்டும்?

டெல்லியிலிருந்து விமானத்தில் லடாக்கின் முதன்மை நகரான லே சென்று இறங்குவோர் குறைந்தது எட்டு நாட்கள் ஒதுக்க வேண்டும் என்பதே எங்கள் பதில். ஐந்து நாளில் பாங்காங், நுப்ரா, ட்சோ மோரிரி, ஹான்லே என்று நான்கையும் முடித்துத் தரும் பயணத் திட்டங்கள் விற்பனைக்கு இருக்கின்றன. அவற்றை வாங்குவோர் பார்ப்பதில் பெரும்பகுதி வண்டியின் கண்ணாடிதான்.

காரணம் தூரம் மட்டுமல்ல. லே ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ட்சோ மோரிரிக் கரையில் உள்ள கோர்சோக் ஊர் 4,500 மீட்டருக்கு மேல். மலை மருத்துவத்தில் பொதுவாகச் சொல்லப்படும் விதி இது: 3,000 மீட்டரைத் தாண்டிய பின், இரவு உறங்கும் இடத்தின் உயரத்தை ஒரு நாளில் 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது, மூன்று நான்கு நாட்களுக்கு ஒருமுறை ஏறாமல் ஓய்வெடுக்க வேண்டும். இந்த விதிக்கு ஏற்ப, லேயில் மூன்று இரவு தங்கி, நான்காம் இரவைச் சிந்து நதிக்கரையில் ஏறத்தாழ 4,000 மீட்டர் உயரத்தில் இருக்கும் வெந்நீர் ஊற்று ஊரான சுமாத்தாங்கில் கழித்து, அதன் பின்னரே கோர்சோக்குக்கு ஏறி அங்கே இரண்டு இரவேனும் தங்குவது நல்லது. லேயிலிருந்து கோர்சோக்குக்கு 200 கிலோமீட்டருக்குச் சற்று மேல். ஒரே பகலில் சென்றுவிட முடியும் என்பது உண்மைதான். முடிகிறது என்பதாலேயே பலர் சென்று, அன்றிரவு தலைவலியோடு சுவரைப் பார்த்தபடி விழித்திருக்கிறார்கள்.

மணாலியிலிருந்து சாலை வழியாக வருவோருக்குப் படிப்படியாக ஏறுவதால் சிக்கல் குறையும் என்றொரு நம்பிக்கை இருக்கிறது. அது எங்கே உறங்குகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஏறத்தாழ 2,000 மீட்டரில் இருக்கும் மணாலியிலிருந்து புறப்பட்டு அன்றிரவே 4,200 மீட்டரைத் தாண்டிய சர்ச்சுவில் கூடாரத்தில் தங்குவது, விமானத்தில் வந்து லேயில் இறங்குவதைவிட மோசமான தொடக்கம். வழியில் அதைவிடத் தாழ்வாக இருக்கும் கேலாங்கிலோ ஜிஸ்பாவிலோ தங்கி வருவதே முறை.

உயர்மலை நோய் யாருக்கு வரும்? வந்தால் எப்படித் தெரிந்துகொள்வது?

யாருக்கும் வரலாம். இளமை, உடற்பயிற்சி, ஓட்டப்பந்தய அனுபவம் ஆகியவை எதுவும் காப்பாகாது. சொல்லப்போனால், தன் உடல்மேல் நம்பிக்கை மிகுந்தவரே முதல் நாளில் படியேறி மடாலயம் பார்க்கப் போய்ச் சிக்கிக்கொள்கிறார். 4,500 மீட்டரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ 58 சதவீதமே. காற்றில் ஆக்சிஜனின் விகிதம் மாறுவதில்லை. அழுத்தம் குறைவதால் ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே செல்லும் அளவு குறைகிறது. உடல் வேகமாக மூச்சிழுத்து அதை ஈடுகட்டப் பழகுவதற்கு நாட்கள் வேண்டும்.

தலைவலி, குமட்டல், பசியின்மை, அயர்ச்சி, தலைசுற்றல் ஆகியவை தொடக்க அறிகுறிகள். இவை இருக்கும்போது மேலும் ஏறக் கூடாது என்பதே முதல் விதி. ஓய்விலும் தணியாவிட்டால் கீழே இறங்க வேண்டும். இதைத் தாண்டிய இரண்டு நிலைகள் உயிருக்கே ஆபத்தானவை. ஒன்று மூளை வீக்கம்: பேச்சு குழறும், நடத்தை மாறும், நடை தள்ளாடும். ஐயம் வந்தால், ஒரு காலின் குதிகால் மற்றொரு காலின் விரல்நுனியைத் தொடுமாறு அடிமேல் அடிவைத்து நேர்க்கோட்டில் நடக்கச் சொல்லுங்கள். முடியாதவரை உறங்க அனுப்பாதீர்கள், அப்போதே இறக்குங்கள். மற்றொன்று நுரையீரலில் நீர் கோத்தல்: உட்கார்ந்திருக்கும்போதும் மூச்சு வாங்கும், இருமல் விடாது, சளி நுரைத்துச் சிவக்கலாம். இதற்கும் மருந்து இறக்கமும் ஆக்சிஜனுமே.

சாங்தாங்குக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. செங்குத்தான மலையில் இரண்டு மணி நேரம் இறங்கினால் ஆயிரம் மீட்டர் குறைந்துவிடும். இங்கே நிலம் பீடபூமி என்பதால், மணிக்கணக்கில் வண்டி ஓடினாலும் உயரம் பெரிதாகக் குறையாது. சில வழிகளில் கீழே போவதற்கே முதலில் ஒரு கணவாய் ஏற வேண்டும். ட்சோ கரிலிருந்து லே திரும்பும் நேர்வழி 5,300 மீட்டரைத் தாண்டும் தாங்லாங் கணவாய் வழியாகச் செல்கிறது. நோயாளியை அந்த வழியில் கொண்டுபோவதற்கு முன் இராணுவ மருத்துவ முகாமோ ஊரின் சுகாதார நிலையமோ அருகில் இருக்கிறதா என்று ஓட்டுநரிடம் கேட்பது நல்லது. பெரிய அரசு மருத்துவமனை லேயில்தான் இருக்கிறது.

மாத்திரை போட்டுக்கொண்டால் போதாதா? ஆக்சிஜன் குப்பி வாங்கலாமா?

அசிட்டசோலமைடு என்னும் மாத்திரை உடல் பழகுவதை விரைவுபடுத்துகிறது, அறிகுறிகளை மறைப்பதில்லை. தடுப்புக்காகப் பெரியவர்களுக்கு வழக்கமாகப் பரிந்துரைக்கப்படுவது 125 மில்லிகிராம், நாளைக்கு இருமுறை. ஏறுவதற்கு முந்தைய நாளே தொடங்குவார்கள். விரல்நுனி மரத்துக் கூசுவதும் அடிக்கடி சிறுநீர் கழிவதும் இதன் வழக்கமான பக்க விளைவுகள். சல்ஃபா மருந்து ஒவ்வாதவர்களும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது. மற்றவர்களும் கேட்டுக்கொண்டே எடுப்பது முறை. மாத்திரை எடுத்துக்கொண்டதால் ஓய்வு நாளைக் கழித்துக்கொள்ளலாம் என்ற கணக்கு மட்டும் தவறு.

கடைகளில் விற்கும் சிறிய தெளிப்புக் குப்பிகளில் இருப்பது சில நிமிடங்களுக்கான வாயுதான். பணத்தை அதில் போடுவதைவிட, முறையான சிலிண்டர் வைத்திருக்கும் வண்டியையோ விடுதியையோ தேர்ந்தெடுங்கள். மதுவும் தூக்க மாத்திரையும் மூச்சைத் தணிப்பவை. முதல் நாட்களில் இரண்டும் வேண்டாம்.

குழந்தைகள், முதியோர், நோயாளிகள் செல்லலாமா?

இதய, நுரையீரல் நோய் உள்ளவர்களும் கருவுற்றிருப்போரும் மருத்துவரின் ஒப்புதலின்றிச் செல்ல வேண்டாம். வயது தடையில்லை. தலை வலிக்கிறது என்று சொல்லத் தெரியாத சிறு குழந்தையை இங்கே உறங்க வைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். இன்சுலின் உறைந்தால் பயன்படாது என்பதால், அதை இரவில் உடலோடு ஒட்டி வைத்துக்கொள்ள வேண்டும்.

எந்த மாதம் நல்லது?

சாலைப் பயணத்துக்கு மே இறுதி முதல் செப்டம்பர் இறுதி வரை. பறவைகளுக்காக வருவோர் ஜூன், ஜூலை மாதங்களைத் தேர்ந்தெடுக்கலாம். அடைகாப்பும் குஞ்சு வளர்ப்பும் அப்போதுதான் நடக்கின்றன என்பதால், கூடுதல் கவனமும் அப்போதே தேவை. செப்டம்பரில் வானம் தெளிந்து கூட்டம் குறையும். இரவில் நீர் உறையத் தொடங்கும். குளிர்காலத்தில் ஏரிகள் முழுவதும் உறைந்து, வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே 30 பாகையையும் எட்டக்கூடும். முதல் பயணத்துக்கு ஏற்ற காலமல்ல அது.

பனிச்சிறுத்தையைப் பார்க்க முடியுமா?

கோடையில் அந்த எண்ணத்தோடு வர வேண்டாம். 2024 ஜனவரியில் வெளியான கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 718 பனிச்சிறுத்தைகள் இருப்பதாக மதிப்பிடப்பட்டது. அவற்றில் 477 லடாக்கில். எண்ணிக்கை இவ்வளவு இருந்தும், பாறை நிறத்தில் பாறைமேல் படுத்திருக்கும் விலங்கை வெறுங்கண்ணால் கண்டுபிடிப்பது அரிது. அதற்கென்றே வருவோர் பிப்ரவரி, மார்ச் மாதங்களில், பரல் எனப்படும் மலையாடுகளைப் பின்தொடர்ந்து சிறுத்தையும் கீழிறங்கும் காலத்தில், ஹெமிஸ் தேசியப் பூங்காவின் ரும்பக் பள்ளத்தாக்கு போன்ற இடங்களில் உள்ளூர் வழிகாட்டிகளோடு நாள்கணக்கில் காத்திருக்கிறார்கள்.

அப்படியென்றால் எதைப் பார்க்கலாம்?

கியாங் எனப்படும் திபெத்தியக் காட்டுக்கழுதையை ஏறத்தாழ உறுதியாகப் பார்க்கலாம். காட்டுக்கழுதைகளில் உருவத்தில் பெரியது இது. செம்பழுப்பு முதுகும் வெள்ளை வயிறும் சந்திக்கும் கோடு வரைந்தாற்போல் துல்லியமாக இருக்கும். ட்சோ கர் சமவெளியில் கூட்டமாக மேயும்போது, தொலைவிலிருந்து பார்ப்பவர் கண்ணுக்குக் கானல் அலையில் கால்கள் மறைந்து, உடல்கள் மட்டும் காற்றில் மிதப்பதுபோல் தெரியும்.

ஏரியில் தலைக்குப் பின்னால் இரண்டு கருவரிகளோடு நீந்தும் வரித்தலை வாத்தைத் தமிழ்நாட்டுப் பறவை ஆர்வலர்கள் அடையாளம் கண்டுகொள்வார்கள். திருநெல்வேலி மாவட்டத்துக் கூந்தன்குளத்தில் குளிர்காலத்தில் வந்து இறங்கும் அதே இனம். லடாக், திபெத், மங்கோலியா உயர்நிலங்களில் குஞ்சு பொரித்து, இமயத்தைக் கடந்து தெற்கே வருகிறது. கூந்தன்குளத்தில் அதை விருந்தாளியாகப் பார்த்தவர்கள், இங்கே அதன் வீட்டில், பஞ்சுருண்டைபோன்ற குஞ்சுகள் பின்தொடர நீந்துவதைப் பார்க்கலாம்.

லடாக்கின் மாநிலப் பறவையாக 2021இல் அறிவிக்கப்பட்ட கருங்கழுத்துக் கொக்கையும் ஈரநிலங்களில் காணலாம். நம் வயல்வெளிகளில் நிற்கும் வெள்ளைக் கொக்கை மனத்தில் வைத்துத் தேட வேண்டாம். இது நான்கடி உயரத்தைத் தொடும் பறவை, உடல் சாம்பல் கலந்த வெண்மை, கழுத்து கறுப்பு, உச்சியில் சிவந்த வெற்றுத்தோல். நரி, ஓநாய், ஆர்காலி எனப்படும் பெருங்கொம்பு ஆடு, பல்லாஸ் பூனை ஆகியவை பொறுமையும் தொலைநோக்கியும் உள்ளவர்களுக்கு வாய்க்கலாம். எட்டு மடங்கு பெரிதாக்கும் இருகண் நோக்கி ஒன்று குடும்பத்துக்குப் போதும்.

எவ்வளவு அருகில் செல்லலாம்?

விலங்கு தன் வேலையை நிறுத்தாத தொலைவு வரை. இதற்கு மீட்டர் கணக்கு எங்கும் ஒன்றுபோல் இருக்காது. ஆனால் விலங்கே சொல்லிவிடும். ஈரநிலத்தில் மேயும் கொக்கு முதலில் தலையை உயர்த்தி நிற்கும். இரண்டு மூன்று நிமிடம் கழித்து மீண்டும் குனிந்தால் உங்களை ஏற்றுக்கொண்டது என்று பொருள். குனியாமல் உங்கள் பக்கமாகவே கழுத்தைத் திருப்பியிருந்தால், நீங்கள் ஏற்கெனவே எல்லையைத் தாண்டிவிட்டீர்கள். ஓசையின்றிப் பின்வாங்க வேண்டும். அதையும் கவனிக்காமல் நடந்தால் அடைகாக்கும் பறவை எழுந்து கூட்டைவிட்டு நடந்து செல்லும். பெரும்பாலும் இரண்டே முட்டைகள். வீசும் காற்றோ ஐஸ். தாய் விலகும் சில நிமிடங்களில் முட்டை குளிர்ந்துவிடலாம், அண்டங்காக்கையோ நாயோ வந்துவிடலாம். கூடு இருப்பதாகத் தெரிந்த ஈரநிலத்தில் 200 மீட்டரைக் குறைந்தபட்சமாகக் கொள்வதும், புல்வெளிக்குள் கால்வைக்காமல் சாலையிலிருந்தே பார்ப்பதும் நல்லது.

கியாங் விஷயத்தில் வேறொரு தவறு நடக்கிறது. வண்டிக்கு இணையாக ஓடிவந்து, திடீரென்று குறுக்கே கடந்து போகும் பழக்கம் அதற்கு உண்டு. அதை விளையாட்டு என்று நினைத்துப் பயணிகள் வேகத்தைக் கூட்டச் சொல்கிறார்கள். விலங்குக்கு அது தப்பியோடும் முயற்சி. வண்டியை நிறுத்துங்கள்; அதுவும் நிற்கும், திரும்பிப் பார்க்கும், நல்ல படமும் அப்போதுதான் கிடைக்கும்.

மர்மோட்டுக்குப் பிஸ்கட் கொடுக்கலாமா?

கூடாது. பாங்காங் செல்லும் வழியில் கையிலிருந்தே வாங்கித் தின்னும் அளவுக்கு இந்த நில அணில்களைப் பழக்கிக் கெடுத்துவிட்டோம். ஆண்டில் பாதிக்கு மேல் வளைக்குள் உறங்கிக் கழிக்கும் விலங்குக்கு, கோடையில் புல் தின்று சேர்க்கும் கொழுப்பே உணவு. சர்க்கரையும் மைதாவும் அதற்கு ஈடாகாது.

அனுமதிச் சீட்டு வேண்டுமா?

எல்லையோரப் பகுதிகளுக்குள் செல்ல இந்தியக் குடிமக்கள் பெற வேண்டியிருந்த உள்கோட்டு அனுமதி (இன்னர் லைன் பெர்மிட்) 2021 ஆகஸ்டில் நீக்கப்பட்டது; ஆயினும் சுற்றுச்சூழல் கட்டணம் செலுத்தும் முறை தொடர்ந்தது. எல்லைப் பகுதி என்பதால் விதிகள் அடிக்கடி மாறும். புறப்படும் வாரத்தில் லே நிர்வாகத்தின் இணையதளத்தில் சரிபார்த்து, கட்டண ரசீதையும் அடையாள அட்டையையும் நான்கைந்து படிகள் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சோதனைச் சாவடிகளில் படியைத்தான் வாங்கிக்கொள்வார்கள். மலேசியா, சிங்கப்பூர், இலங்கை எனப் பிறநாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் தமிழர்களுக்குப் பாதுகாக்கப்பட்ட பகுதிக்கான தனி அனுமதி வேண்டும். லேயில் பதிவுபெற்ற பயண முகவர் வழியாகவே அதைப் பெற முடியும்.

சாலையைவிட்டு இறங்கி ஏரிக்கரை வரை வண்டி ஓட்டலாமா?

கூடாது. சக்கரம் நசுக்கிய மெத்தைச் செடி மீண்டும் எழ எத்தனையோ கோடைகள் ஆகும், ஒரு வண்டியின் தடத்தைப் பார்த்து அடுத்த வண்டி இறங்கும், தடம் சாலையாகிவிடும். ஏரிக்கரையில் கூடாரம் அடிப்பதும் இதே காரணத்தால் தவறு. வெளியூரிலிருந்து வாடகைக்கு எடுத்துவரும் வண்டிகளை இங்கே சுற்றுலாவுக்கு ஓட்ட உள்ளூர்ச் சங்கங்கள் விடுவதில்லை; லே டாக்சி சங்கம் கட்டணப் பட்டியல் வெளியிடுகிறது, பேரம் பேசும் தொல்லையும் இல்லை.

தங்குமிடமும் உணவும் எப்படி?

கோர்சோக்கிலும் ஹான்லேயிலும் வீட்டுத் தங்கல்கள் உண்டு. கூடாரத்தைவிட அவையே கதகதப்பானவை. 4,500 மீட்டரில் நீர் ஏறத்தாழ 85 பாகையிலேயே கொதித்துவிடும். திறந்த பானையில் அரிசி எவ்வளவு நேரம் கொதித்தாலும் நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளி வேகாமல் நிற்கும். ஆகவே எல்லா அடுப்பிலும் பிரஷர் குக்கர்தான் விசில் அடிக்கிறது. சோறு, பருப்பு, துக்பா எனப்படும் நூடுல்ஸ் கஞ்சி, உப்பிட்ட வெண்ணெய்த் தேநீர் ஆகியவை கிடைக்கும். பசி இல்லாவிட்டாலும் கொஞ்சமாக அடிக்கடி உண்ண வேண்டும். கொதித்த நீர் அந்த வெப்பத்திலும் குடிக்கப் பாதுகாப்பானதே என்பதால், குப்பியில் நிரப்பிக்கொண்டு பிளாஸ்டிக் பாட்டில்களைத் தவிர்க்கலாம்.

கழிப்பறை பல வீடுகளில் நீரில்லா வகை: மேலே மண் தள்ளிவிட்டால் ஓராண்டில் எருவாகும். அதில் தண்ணீரையோ ஈரத் துடைப்பானையோ போடாதீர்கள். குப்பையை லே வரை திரும்பக் கொண்டுவர வேண்டும். இங்கே வீசப்படும் மிச்ச உணவே கொக்கின் குஞ்சுகளை வேட்டையாடும் தெருநாய்களைப் பெருக்கியிருக்கிறது.

கைபேசி, பணம், பெட்ரோல்?

பிற மாநில முன்கட்டண (ப்ரீபெய்டு) சிம் லடாக்கில் இயங்காது. பின்கட்டண (போஸ்ட்பெய்டு) சிம் மட்டுமே, அதுவும் ஊர்களில் மட்டும். செயற்கைக்கோள் தொலைபேசியை அரசு அனுமதியின்றி வைத்திருப்பது குற்றம். பணத்தை லேயிலேயே ரொக்கமாக எடுத்து, எரிபொருளையும் அங்கேயே நிரப்பிவிடுங்கள்.

சாங்பா மக்களின் கூடாரங்களுக்குச் செல்லலாமா?

அழைத்தால் செல்லலாம். பஷ்மினா கம்பளி தரும் ஆடுகளையும் யாக் எருதுகளையும் மேய்த்துக்கொண்டு பருவத்துக்குப் பருவம் இடம்பெயரும் இம்மக்கள், சரணாலயம் அறிவிக்கப்படுவதற்குப் பல தலைமுறைகளுக்கு முன்பிருந்தே இந்த நிலத்தில் இருப்பவர்கள். யாக் மயிரால் நெய்த கூடாரத்துக்கு ‘ரெபோ’ என்று பெயர். முப்பது அடிக்கு முன்பே நின்று குரல் கொடுங்கள். காவல் நாய்கள் பொல்லாதவை. காலையில் ஆடுகளை நேரெதிராக இணைத்துக் கட்டிப் பால் கறக்கும் வேளையில் படமெடுக்க முண்டியடிப்பது, அலுவலகத்தில் வேலை நேரத்தில் ஒருவரின் மேசைமேல் ஏறி நிற்பதைப் போன்றது. கேட்டுவிட்டு எடுங்கள், மறுத்தால் விட்டுவிடுங்கள்.

ஹான்லேயில் இரவில் என்ன கட்டுப்பாடு?

4,500 மீட்டர் உயரத்தில் இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் ஆய்வகமும் இரண்டு மீட்டர் விட்டமுள்ள இமாலயச் சந்திரா தொலைநோக்கியும் அங்கே இருக்கின்றன. சரணாலயத்துக்குள்ளேயே ஏறத்தாழ 1,073 சதுர கிலோமீட்டர் 2022 டிசம்பரில் இருண்ட வான் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. இருட்டிய பின் வண்டியின் உயர்விளக்கைப் போடாமல் இருப்பதும், அறையில் திரையை இழுத்துவிடுவதும், கைவிளக்குக்குச் சிவப்புத் தாள் ஒட்டுவதும் அங்கே வழக்கம். அமாவாசையை ஒட்டிச் சென்றால் பால்வழி மண்டலம் அடிவானம் முதல் அடிவானம் வரை தெரியும். அங்கிருந்து ஏறத்தாழ 5,800 மீட்டர் உயர உம்லிங் கணவாய்க்குச் செல்ல விரும்புவோர் பகலில் சென்று, பத்து நிமிடம் நின்று, இறங்கிவிட வேண்டும்.

ட்ரோன் பறக்கவிடலாமா?

கூடாது. எல்லைப் பகுதி என்பது ஒரு காரணம். பருந்து வந்ததாக எண்ணி வாத்துகள் குஞ்சுகளை விட்டுச் சிதறுவது மற்றொன்று. சாவடியில் பையைத் திறந்து பார்ப்பார்கள். லேயில் விடுதியிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.